முளைக்காத மீசையும் முளைத்துவிட்ட ஏளனமும்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர் ஒருவர்)

எழுதுவதற்கு எத்தனையோ பெரிய பொருள்கள் இருக்க, இவன் மீசையைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நதிநீர்ப் பங்கீடு பற்றியும் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றியும் நம் ஆண்டு மலரில் நல்ல கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் காலை ஏழு மணிக்கு விடுதிக் கண்ணாடியின் முன் நிற்கும் முதலாமாண்டு மாணவன் அந்த நேரத்தில் நதிநீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நேற்றைவிட இன்று ஒரு முடியாவது கூடியிருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். அந்தக் கணக்கை நானும் அறிவேன். எனக்கு வயது இருபது. மீசை என்று சொல்லத்தக்கது என் உதட்டின் இரு ஓரங்களில் மட்டுமே உண்டு. தாடையில் இருப்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இது கேள்விப்பட்டு எழுதும் கட்டுரையன்று.

நம் மொழியே மீசைக்கு மிகுதியான இடம் கொடுத்துவிட்டது. வென்றவன் மீசையை முறுக்குகிறான். குப்புற விழுந்தவன் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறான். பந்தயம் கட்டுகிறவன், தோற்றால் ஒரு பக்க மீசையை எடுத்துவிடுகிறேன் என்கிறான். ஒவ்வாத இரண்டு ஆசைகளைச் சொல்ல வந்த பழமொழிகூடக் கூழையும் மீசையையும்தான் துணைக்கு அழைத்தது. "நீ மீசை வைத்த ஆண்பிள்ளையா?" என்பது இன்றும் ஊர்ச் சண்டைகளில் எழும் முதற் கேள்வி. சரி, மீசையே முளைக்காத ஒருவன் இந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்வான்? வெற்றிக்கும் தோல்விக்கும் பந்தயத்துக்கும் வெளியே அல்லவா அவன் நிறுத்தப்பட்டிருக்கிறான்!

(இதற்கிடையில் ஒரு வேடிக்கை. மயிர் என்பது நல்ல பழந்தமிழ்ச் சொல். வள்ளுவரே கூசாமல் எடுத்தாண்ட சொல். இன்று வகுப்பில் 'மயிர்க்கால்' என்று வந்தால் கடைசி வரிசை சிரிக்கிறது. பாடம் நடத்துபவர் ஒருமுறை இருமிக்கொள்கிறார். சொல் வசையாகிவிட்டது, அந்தச் சொல் குறிக்கும் பொருளுக்கோ ஆண்மை என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். இந்த விந்தை எனக்கு விளங்கவேயில்லை.)

என்னைப் போன்றோர் நாள்தோறும் கேட்பவை சிறு சிறு சொற்கள்தாம். பேருந்தில் நடத்துநர், "எந்த ஸ்கூல் தம்பி?" என்பார். முடி திருத்தும் நிலையத்தில் நாற்காலியில் அமர்ந்து முகம் மழிக்கச் சொன்னால், "அங்க என்ன இருக்குன்னு கத்தியை வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, சுற்றி இருப்பவர்களைப் பார்ப்பார் கடைக்காரர். அவர் கெட்டவர் அல்லர். அன்று காசும் வாங்க மாட்டார். ஆனால் அந்தக் காசை வாங்கிக்கொண்டு பேசாமல் விட்டிருக்கலாமே என்று தோன்றும். சென்ற ஆண்டு கல்லூரி விழா நாடகத்தில் மன்னர் வேடத்துக்கு வசனம் ஒப்பித்துக் காட்டினேன். "குரல் இருக்கிறது, முகம் இல்லையே" என்று சொல்லி அரசியின் தோழி வேடத்தைக் கொடுத்தார்கள். பெண் வேடம் இழிவு என்று நான் கருதவில்லை; சிவாஜி கணேசனும் இளமையில் நாடக மேடையில் பெண் வேடம் கட்டியவர்தாம். வேடிக்கை என்னவென்றால், மன்னராகத் தேர்வு பெற்ற நண்பருக்கும் அவருடைய சொந்த மீசை போதாதென்று அதன்மேல் ஒட்டுமீசைதான் வைத்தார்கள். ஒட்டுவதுதான் ஒட்டுகிறீர்கள், அதை என் உதட்டின்மேல் ஒட்டியிருக்கலாகாதா?

விலங்கியல் மாணவன் என்ற முறையில் இதன் உள்விவரத்தைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஏனெனில் ஏளனம் செய்பவருக்கும் தெரியவில்லை, ஏளனம் செய்யப்படுபவருக்கும் தெரியவில்லை.

மனிதனுக்கு வேண்டிய மயிர்க்கால்கள் அனைத்தும் அவன் பிறக்கும்போதே தோலில் அமைந்துவிடுகின்றன. பின்னர் புதிதாக முளைப்பதில்லை. பால் குடிக்கும் குழந்தையின் கன்னத்திலும் அவை உண்டு. அப்போது அவை தருவது கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி. பருவம் எய்தும்போது டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் பெருகுகிறது. அது மயிர்க்காலை அடைந்ததும், அங்குள்ள ஒரு நொதி அதை இன்னும் வலிமை மிக்க மற்றொரு வடிவமாக மாற்றுகிறது. அந்த வடிவத்தின் ஏவலால்தான் பூனைமுடி மெல்ல மெல்லக் கறுத்துத் தடிக்கிறது. மெல்ல மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு மயிர்க்கால் பலமுறை முடியை வளர்த்து, உதிர்த்து, மீண்டும் வளர்த்துத்தான் முழுத் தடிப்பைப் பெறுகிறது. அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் மேலுதட்டின் ஓரங்கள், பிறகு மேலுதடு முழுவதும், அதன்பின் கன்னத்தின் மேற்பகுதியும் கீழுதட்டின் அடியும், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தாடையும் மோவாயும். ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க அறிஞர் ஆண்களின் முகமுடியைச் சேகரித்து எடைபோட்டுப் பார்த்து 1958இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த வளர்ச்சி முப்பது வயதுக்குப் பின்னும் சில ஆண்டுகள் கூடிக்கொண்டே போகிறது. அப்படியானால் பதினெட்டு, இருபது வயதில் ஒருவனிடம் "தாடி எங்கே?" என்று கேட்பது, ஆடியில் விதைத்தவனிடம் ஆவணியில் போய் நெல் மூட்டை எங்கே என்று கேட்பது போன்றதன்றோ?

"எனக்கு மட்டும் பதினேழிலேயே வந்துவிட்டதே" என்று ஒரு நண்பர் கேட்டார். வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அவருக்கு ஹார்மோன் மிகுதி, எனக்குக் குறைவு என்று அவர் முடிவு கட்டியதைத்தான் நான் ஏற்கவில்லை. இரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. அதன் அழைப்புக்கு மயிர்க்கால் எவ்வளவு செவிசாய்க்கிறது என்பது வேறொன்று. இரண்டாவது பெரும்பாலும் பரம்பரையால் வருவது. அதே ஹாமில்டன் ஜப்பானியரையும் வெள்ளை இனத்தவரையும் ஒப்பிட்டபோது ஜப்பானியருக்கு முகமுடி குறைவாக இருக்கக் கண்டார். ஜப்பானில் ஆண்கள் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வாருண்டோ?

இதைவிட வலுவான சான்று ஒன்றுண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் டொமினிக்கன் குடியரசு என்றொரு நாடு. அங்கே சலினாஸ் என்றொரு சிற்றூர். பிறக்கும்போது பெண் குழந்தைகளைப் போலத் தோற்றமளித்து, பருவ வயதில் ஆண்களாக வளர்ந்த சிலர் அவ்வூரில் இருந்தனர். ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இவர்களை ஆராய்ந்து 1974இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். இவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனில் குறைவில்லை. அதை மாற்றும் நொதியில்தான் குறை. பருவம் வந்ததும் குரல் தடித்தது, தசை முறுக்கேறியது. ஆனால் தாடி மட்டும் மிக அரிதாகவே முளைத்தது. கூடவே இன்னொன்று: அவர்களுக்கு வயதானபோதும் வழுக்கை விழவில்லை. முகத்தில் முடியை முளைக்கச் செய்யும் அதே பொருள்தான் பலருக்குத் தலையில் முடியை உதிரச் செய்கிறது என்பது இதனால் உறுதிப்பட்டது. இந்தத் தடத்தைப் பின்பற்றி உருவான பினாஸ்டரைடு என்னும் மருந்து, அமெரிக்காவில் 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும் 1997இல் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. தாடி இல்லாதவர்களிடம் பாடம் கேட்டுத்தான் தாடி உள்ளவர்களின் தலைக்கு மருந்து கண்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது. நம் விடுதி நண்பர்களுக்கு இந்த நொதிக் குறை இருக்கிறதென்று யாரும் எண்ண வேண்டாம். அது மிக மிக அரிது. தாடி வேறு, ஆணின் உடல் வலிமை வேறு என்று காட்டவே இதைச் சொன்னேன்.

பரம்பரை என்றதும் அப்பாவின் முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. தாய்மாமன் முகத்தையும் பார்க்க வேண்டும். மரபணுக்கள் இரு பக்கத்திலிருந்தும் வருகின்றன. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், தாடியின் அடர்த்தியோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகள் ஒன்றல்ல, பல என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் தாத்தாவின் 1972ஆம் ஆண்டுத் திருமணப் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் அழகான கோடு போட்ட மீசை. "அது ஸ்டுடியோக்காரர் பென்சிலால வரைஞ்சது, உங்க தாத்தாவுக்கு அப்ப ஏது மீசை?" என்று பாட்டி சொல்லிச் சிரிப்பார். தாத்தா அதன்பின் நான்கு பிள்ளைகளைப் பெற்று, ஆறு ஏக்கரை உழுது, முப்பது வயதுக்கு மேல்தான் சொந்த மீசை வைத்தார். எங்கள் பரம்பரைச் சொத்தில் என் பங்கு என்ன என்று எனக்கு இப்போது தெரிகிறது.

விலங்குலகைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் துறைக்கு இழுக்கு. தாடி என்பது ஆண் மயிலின் தோகை போல, பெண் விரும்பித் தேர்ந்ததால் வந்த அணி என்று 1871இல் டார்வின் எழுதினார். மக்களினங்களுக்குள் இந்த அணி மிகவும் வேறுபடுகிறது என்பதையும் அவரே குறித்தார். நண்பர்கள் உடனே சிங்கத்தின் பிடரியைச் சொல்வார்கள். பிடரி இல்லாவிட்டால் அது சிங்கமா என்பார்கள். கென்யாவில் சாவோ என்ற ஆற்றின்மேல் 1898இல் இரயில் பாலம் கட்டினார்கள். அந்த இருப்புப்பாதை வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டிருந்தனர். இரண்டு சிங்கங்கள் இரவுதோறும் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துச் சென்றன. வேலையே நின்றுபோயிற்று. மாதக்கணக்கில் முயன்ற பின் அவ்வாண்டு டிசம்பரில் பேட்டர்சன் என்ற பொறியாளர் அவற்றைச் சுட்டுக் கொன்றார். அந்த இரண்டும் ஆண் சிங்கங்கள்; இரண்டுக்கும் பிடரி இல்லை. பாடம் செய்யப்பட்ட அவற்றின் உடல்கள் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாவோவின் கூடாரங்களில் படுத்திருந்தவர்களிடம் போய், பிடரி இல்லாதது சிங்கமே அல்ல என்று யாராவது சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்!

இனி, விடுதியில் வழங்கும் வைத்தியங்களுக்கு வருகிறேன். முதலாவது, அடிக்கடி மழித்தால் அடர்த்தியாக வளரும் என்பது. மில்ட்ரட் டிராட்டர் என்ற அம்மையார் 1928இலேயே நான்கு ஆடவரை ஒழுங்காக மழிக்கச் செய்து, முடியை அளந்து, மழிப்பதால் முடியின் தடிப்போ வேகமோ கூடவில்லை என்று காட்டிவிட்டார். 1970இல் வேறொரு ஆய்வும் அதையே சொன்னது. கத்தி வெட்டுவது தோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் உயிரற்ற பகுதியை. வேர் தோலுக்குள் இருக்கிறது. வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் தடவும்போது சொரசொரவென்று படுகிறது, அவ்வளவுதான். (அதே 1970இல் 'நேச்சர்' இதழில் பெயர் சொல்லாத ஓர் ஆய்வாளர், தனித்தீவில் பணியாற்றியபோது தம் சவரத்தில் விழுந்த முடியை நாள்தோறும் எடைபோட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஊர் திரும்பித் தம் துணைவியைச் சந்திக்கும் நாள் நெருங்க நெருங்கத் தாடி வேகமாக வளர்ந்ததாம்! ஒரே ஒருவரின் கணக்கு, நம்புவோர் நம்பலாம்.) சின்ன வெங்காயம், விளக்கெண்ணெய், கருஞ்சீரக எண்ணெய், சந்தையில் விற்கும் கரடி நெய் ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. இவற்றால் பெரும்பாலும் தலையணை உறைதான் கெடும்.

என்னை எழுதத் தூண்டியது வெங்காயம் அன்று, ஒரு புட்டி. என் அறைத் தோழர் ஒருவரைப் பற்றி அவர் இசைவு பெற்றே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். அவர் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர். தந்தையார் கூலி வேலை செய்து மாதந்தோறும் உணவுக் கட்டணத்துக்குப் பணம் அனுப்புவார். முதலாமாண்டு முழுவதும் இந்தத் தோழரை விடுதியில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'பாப்பா' என்றே அழைத்தார்கள். குழுப் படம் எடுக்கும் நாளில் கண்மையால் மேலுதட்டில் கோடு தீட்டிக்கொண்டு வந்தார். வெயிலில் வியர்த்து அது வழிந்தது. அதன்பின் அந்தப் பெயர் வகுப்பறைக்கும் பரவிற்று. இரண்டாமாண்டில் ஒரு மாத உணவுக் கட்டணத்தில் எழுநூறு ரூபாயை எடுத்து, தொலைபேசியில் பார்த்த ஒரு விளம்பரத்தை நம்பி, மினாக்சிடில் என்ற மருந்தும் ஒரு தாடி எண்ணெயும் வாங்கினார். மருந்துக் கடையில் சீட்டு எதுவும் கேட்கவில்லை. விரைவாக வளர வேண்டுமென்று, புட்டியில் எழுதியிருந்த அளவைப் போல் மூன்று மடங்கு தடவினார். பத்து நாளில் கன்னமெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. ஓர் இரவு நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அரசு மருத்துவமனைக்கு நாங்கள் மூவர் அவரை அழைத்துச் சென்றோம்.

அங்கிருந்த மருத்துவர் அந்த மருந்தின் பூர்வீகத்தைச் சொன்னார். பின்னர் நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். மினாக்சிடில் முதலில் இரத்தக் கொதிப்புக்கு உள்ளே கொடுக்கும் மாத்திரையாக வந்தது. அமெரிக்காவில் 1979இல் அனுமதி பெற்றது. உட்கொண்டவர்களின் உடலில் கண்ட இடத்திலெல்லாம் முடி முளைத்ததால், 1988இல் தலையில் தடவும் திரவமாக அனுமதிக்கப்பட்டது. அதுவும் தலைக்குத்தான், தாடிக்கென்று அனுமதி பெற்ற மருந்தன்று. தாய்லாந்தில் 48 ஆடவரிடம் 16 வாரம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில் தாடிக்கும் ஓரளவு பயன் தெரிந்தது. ஆகவே வளரவே வளராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோல் வழியாக உடலுக்குள் சென்றால் அது பழையபடி இரத்தக் குழாய்களையும் இதயத்தையும் தொடும் மருந்துதான். உரிந்த தோல் வழியாக இன்னும் மிகுதியாகச் செல்லும். (பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க: பூனைக்கு அது நஞ்சு. தடவிய கன்னத்தைப் பூனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.) உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் காதோடு காதாகச் சொல்லும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இதைவிடக் கொடிது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைகிறது. ஆண்மையின் அடையாளத்தை வாங்கப் போய் அதன் முதலையே அடகு வைப்பது இதுதான்.

அந்த மருத்துவர் தோழரின் கன்னத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இருபத்தஞ்சு வயசு வரைக்கும் பொறுக்கக்கூடாதாப்பா?" என்று கேட்டார். தோழர் பதில் சொன்னார்: "நான் பொறுத்துக்குவேன் சார். விடுதியில பொறுக்க மாட்டேங்கறாங்க."

மருத்துவரிடம் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகமுடி மட்டும் தாமதமானால் கவலையில்லை. ஆனால் பருவத்தின் மற்ற மாற்றங்களும் வராமல், குரல் உடையாமல், உடல் வளராமல் இருந்தால் போய்க் காட்டத்தான் வேண்டும். ஒரு X நிறப்புரி மிகுதியாகப் பிறக்கும் ஆண்கள் உண்டு. 1942இல் ஹாரி கிளைன்பெல்டர் விவரித்த நிலை அது. அவர்களில் பலர் தமக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள். மணமே நுகர முடியாமை, பருவம் எய்தாமை இரண்டும் சேர்ந்துவரும் நிலையும் உண்டு. இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. இருந்த தாடியில் காசு அளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்தால் அது புழுவெட்டு. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை, உடலின் காப்புப் படையே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. அதற்கும் மருத்துவர் உண்டு. அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் சீட்டு வாங்கக் காசு வேண்டாம். விடுதியின் ஏளனத்துக்கு அஞ்சி மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள், அதே ஏளனத்துக்கு அஞ்சித்தான் மருத்துவரிடம் போகாமல் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மீசையை அளவுகோலாக்கினால் அது எங்கே போய் நிற்கும்? 2017இல் குஜராத்தில் காந்திநகருக்கு அருகில் லிம்போதரா என்ற கிராமத்தில், மீசை வைத்துக்கொண்டதற்காகத் தலித் இளைஞர்களை அடித்ததாகப் புகார் எழுந்தது. அதைக் கண்டித்து எத்தனையோ இளைஞர்கள் மீசையோடு தம் படத்தை வெளியிட்டார்கள். ஒருவனுக்கு மீசை இல்லை என்று சிரிப்பதும், இன்னொருவனுக்கு மீசை எதற்கு என்று அடிப்பதும் வெவ்வேறு நோய்கள் என்று நான் கருதவில்லை. இரண்டிலும் மீசை அதிகாரத்தின் கொடியாகத்தான் நிற்கிறது. நம் வகுப்புத் தோழியரையும் இங்கே மறக்கலாகாது. அவர்களில் யாருக்காவது மேலுதட்டில் மெல்லிய முடி தெரிந்துவிட்டால் என்ன பாடு படுகிறார்கள்! எனக்கு இல்லையென்று சிரித்த அதே வாய், அவர்களுக்கு இருக்கிறதென்று சிரிக்கிறது.

ஆண்மை என்ற சொல்லை நான் வெறுப்பவன் அல்லன். ஆனால் பேராண்மை என்று வள்ளுவர் எதைச் சொன்னார் என்பதைத் தமிழ்த்துறை நண்பர்கள் அறிவார்கள். பிறன் மனைவியை நாடாத மன உறுதிக்குத்தான் அவர் அந்தப் பெயரைக் கொடுத்தார். அந்த அதிகாரத்தில் முகமுடிக்கு இடமில்லை. அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள், காவலர் தேர்வுக்குச் சென்று வந்த நம் மூத்த மாணவர்களைக் கேட்கட்டும். உயரம் அளந்தார்கள், மார்பளவு பார்த்தார்கள், ஓடச் சொன்னார்கள், கயிறு ஏறச் சொன்னார்கள். மீசையை அளக்க அங்கே எவரும் நாடா எடுத்து வரவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர்களின் கேலி மாலையில் ஓய்ந்துவிடும்; ஆசிரியரின் கேலிக்கு முத்திரை விழுந்துவிடுகிறது. வருகைப் பதிவின்போது, நல்லெண்ணத்தோடுதான், "என்னப்பா, ஒன்பதாம் வகுப்பு இங்கே வந்து உட்கார்ந்திருக்கு?" என்று ஒரு சொல் விழுந்தால், அறுபது பேர் சிரிக்கிறார்கள். அதில் ஒருவர் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கேள்வி கேட்பதேயில்லை. ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்டம் நடத்தும் மருத்துவ முகாமில் கண் பார்க்கிறார்கள், இரத்த வகை பார்க்கிறார்கள். ஒரு தோல் மருத்துவரையும் அழைத்து, விடுதி மாணவர்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் நல்லது. முதலாமாண்டு சேர்ந்த முதல் மாதத்திலேயே அது நடந்தால் இன்னும் நல்லது. புட்டி வாங்குவதற்கு முன் அவர்கள் காதில் விழும்.

என் அறைத் தோழரின் கன்னம் ஆறிவிட்டது. மிச்சமிருந்த மருந்தைக் கழிவறையில் கொட்டிவிட்டார். அவரை நாங்கள் இப்போது பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம். எங்கள் தளத்தில் அப்படி ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். கீழ்த்தளத்தில் இன்னும் செய்யவில்லை.

அடுத்த கல்லூரி விழாவுக்கு நாடகக் குழு இப்போதே கூடத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன். முதலாமாண்டு வரலாற்றுப் பிரிவில் ஒரு தம்பி இருக்கிறார். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கும் குரல். முகத்தில் ஒரு முடி கிடையாது. மன்னர் வேடத்துக்கு அவரை ஒருமுறை வசனம் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒட்டுமீசை மூன்று நாடகப் பெட்டியில் இருக்கின்றன. பசை மட்டும் புதிதாக வாங்க வேண்டும், பழையது காய்ந்துவிட்டது.